ஓபேக்கில் (நூலகத்தின் இணையப் பட்டியலில்) 'இருப்பில் உள்ளது' என்கிறது, ரேக்கில் போய்த் தேடினால் கிடைப்பதில்லை. டிஜிட்டல் வரைபடம் வைத்துப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

கவுன்டர்_பக்கம்:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று தளம், சுமார் 60,000 புத்தகம், டூயி தசம முறையில், அதாவது பாடத்துக்கு ஓர் எண் என்ற கணக்கில் அடுக்கியிருக்கிறோம், மென்பொருள் கோஹா. கவுன்டரில் உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப வருகிற கேள்வி ஒன்றுதான்: "இது எங்கே இருக்கும்?" கையில் செல்போன், அதில் ஓபேக் திரை, 'இருப்பில் உள்ளது' என்று பச்சை எழுத்து, பக்கத்தில் 620.112 என்று ஓர் அழைப்பு எண், புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருப்பதும் அதுதான். அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்தத் தளத்துக்குப் போவது, எந்த ரேக்கின் எந்தப் பக்கம் நிற்பது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் அறிமுக வகுப்பு எடுக்கிறோம், பத்து நாளில் மறந்துவிடுகிறார்கள், மறப்பதில் தப்பும் இல்லை என்றுதான் எனக்கே தோன்றுகிறது.

ஒரு நிறுவனத்தார் வந்து டெமோ காட்டினார்கள். சாலை வரைபடத்தில் வருகிற மாதிரி நீலப் புள்ளி நம்மோடு நகர்கிறது, புத்தகம் இருக்கிற இடத்துக்குக் கோடு போட்டு அழைத்துப் போகிறது. மேலிடத்துக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்குத்தான் உறுத்துகிறது. நாங்கள் மாதத்துக்கு ஒரு முறையாவது ஏதாவது ஒரு வரிசையை நகர்த்துகிறோம், புதுப் புத்தகம் வந்தால் இடம் போதாமல் பக்கத்து ரேக்குக்குத் தள்ளுகிறோம், அதெல்லாம் அந்த ஆப்புக்கு எப்படித் தெரியும்? கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் எடுக்காது என்பது தெரியும், பீக்கன், அதாவது ப்ளூடூத் சிக்னல் விடுகிற சின்னக் கருவி, மாட்டுவோம் என்கிறார்கள். இதெல்லாம் இல்லாமல் கோஹாவிலேயே 'இடத்தைக் காட்டு' என்று ஒரு பொத்தான் வைக்க முடியுமா? எவ்வளவு துல்லியமாகக் காட்ட வேண்டும், புத்தகம் வரைக்குமா, ரேக் வரைக்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பேட்டரி_மாற்றுபவர்:

என் பெயரைப் பார்த்தாலே கதை புரிந்திருக்கும்.

நான் முன்பு வேலை பார்த்த நூலகத்தில் இதே நீலப் புள்ளி ஆப் போட்டார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அவர்கள் ஏமாற்றவில்லை, டெமோவில் நிஜமாகவே வேலை செய்தது. ஆனால் டெமோ நடந்தது காலி ஹாலில். மேஜை நாற்காலி போட்டு, ஆள் நிறைந்து, இரும்பு ரேக்கில் புத்தகம் அடைத்த பிறகு அந்தப் புள்ளிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ப்ளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். அந்த அலையை இரும்பு திருப்பியடிக்கும், மனித உடம்பில் இருக்கிற தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ஆப் என்ன செய்கிறது? பீக்கனிலிருந்து வருகிற சிக்னல் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதை வைத்துத் தூரத்தை ஊகிக்கிறது. பக்கத்தில் இரண்டு பேர் வந்து நின்றால் வலு குறையும், நீங்கள் தூரமாகப் போய்விட்டதாக அது நினைத்துக்கொள்ளும். இரண்டு ரேக்குக்கு நடுவே இருக்கிற வழி ஒரு மீட்டர் சொச்சம், பிசகு அதைவிடப் பெரிது. அப்படியென்றால் புள்ளி பக்கத்து வரிசையில் நிற்கும், ஆள் தப்பான வரிசையில் தேடுவார், இல்லையென்று கவுன்டருக்கு வருவார். பழைய கதைதான், ஆப்பை இறக்கிக்கொண்ட எரிச்சல் கூடுதல்.

அப்புறம் பேட்டரி. பீக்கனுக்குள் இருப்பது பொத்தான் பேட்டரி. எத்தனை நொடிக்கு ஒரு முறை சிக்னல் விடுகிறதோ அதைப் பொறுத்து ஆயுள். சீக்கிரம் சீக்கிரம் விட்டால் இடம் கொஞ்சம் நன்றாகக் கிடைக்கும், பேட்டரி சீக்கிரம் தீரும். எல்லாம் ஒரே நாளில் தீராது, ஒவ்வொன்றாகத் தீரும், எது செத்தது என்று தெரியாது. நான் ஏணி போட்டு ஏறி ஏறி மாற்றினேன். கடைசியில் யாரும் மாற்றவில்லை.

வைஃபை ஆர்டிடி என்று ஒன்று இருக்கிறது, அலை போய்த் திரும்புகிற நேரத்தை அளக்கும், ஆண்ட்ராய்டு 9 முதல் ஆதரவு உண்டு, பீக்கனைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதற்கேற்ற வைஃபை கருவிகள் உங்கள் கட்டடத்தில் இருக்க வேண்டும், படிக்க வருகிறவரின் போனும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு புத்தகம் தேட இவ்வளவு தேவையா என்பதுதான் என் கேள்வி. தான் எங்கே நிற்கிறோம் என்பது ஆளுக்குத் தெரியும். படிக்கட்டு ஏறி வந்தவருக்குப் படிக்கட்டுப் பக்கத்தில் நிற்கிறோம் என்று தெரியாதா? புத்தகம் எங்கே நிற்கிறது என்பதுதான் தெரியாது. இரண்டாவதற்கு மட்டும் விடை சொன்னால் போதும்.

இங்க்ஸ்கேப்_கை:

மேலே சொன்ன கடைசி வரிதான் விஷயம். நாங்கள் நீலப் புள்ளி இல்லாமல் செய்தோம், இரண்டு பேர், மூன்று வார வேலை, அதில் வரைபடம் வரைய ஆனது இரண்டே நாள். மிச்ச நாளெல்லாம் எதற்குப் போனது என்று சொல்கிறேன்.

முதலில் துல்லியம். புத்தகம் வரைக்கும் போகாதீர்கள், தட்டு வரைக்கும்கூட வேண்டாம். பே வரைக்கும் போதும், அதாவது ஒரு ரேக்கில் இரண்டு செங்குத்துச் சட்டங்களுக்கு நடுவே மேலிருந்து கீழ்வரை இருக்கிற ஒரு பத்தி. மூன்றடி அகலத் தட்டில் சுமார் 30 புத்தகம், ஆறு தட்டு என்றால் 180. உங்கள் 60,000 புத்தகத்துக்குச் சுமார் 330 பே வரும். ஆளை அந்த 180 புத்தகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும். தட்டு வரைக்கும் குறித்தால் தினமும் மாறும், உங்களால் துரத்த முடியாது. தளம் மட்டும் காட்டினால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

இப்போது அந்த மூன்று வாரம். எல்லாம் ஓர் அட்டவணை. ஒவ்வொரு பேக்கும் ஒரு வரி: பே எண், தளம், எந்தத் தொகுப்பு, அந்தப் பேயில் இடப்பக்கம் மேல்தட்டில் முதலாவதாக எந்த அழைப்பு எண் தொடங்குகிறது. அவ்வளவுதான். நாங்கள் முதலில் 'இதிலிருந்து இதுவரை' என்று இரண்டு எண் எழுதினோம், அது பெரிய தப்பு. ஒரு பேயின் முடிவையும் அடுத்த பேயின் தொடக்கத்தையும் தனித்தனியாக எழுதினால் நடுவில் சந்து விழும், அந்தச் சந்தில் விழுகிற புத்தகத்துக்கு வரைபடமே வராது, அல்லது இரண்டும் மேற்கவிந்து இரண்டு இடம் காட்டும். தொடக்கத்தை மட்டும் எழுதுங்கள், முடிவு என்பது அடுத்த வரியின் தொடக்கம். இந்த ஒரு மாற்றத்தில் எங்கள் பாதிப் பிழை போய்விட்டது.

அதை எப்படிச் சேகரிப்பது? கையில் எழுதாதீர்கள். ஒரு லேப்டாப், ஒரு பார்கோடு ஸ்கேனர், பேக்கு ஒன்றாக முதல் புத்தகத்தை மட்டும் ஸ்கேன் செய்துகொண்டே நடந்து போங்கள். அந்தப் பதிவெண்களைக் கோஹாவில் கொடுத்து அழைப்பு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். நாளைக்கு ஒரு வரிசையை நகர்த்தினால் அந்த வரிசையின் பேக்களை மட்டும் திரும்ப ஸ்கேன் செய்தால் போதும், பத்து நிமிட வேலை. நீங்கள் கேட்டீர்களே, நகர்த்தினால் ஆப்புக்கு எப்படித் தெரியும் என்று. எந்த ஆப்புக்கும் தானாகத் தெரியாது. யாரோ ஒருவர் போய்ச் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கினாலும் அந்த வேலை உங்கள் தலையில்தான், ஆகவே அது பத்து நிமிடத்தில் முடிகிற மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

'எந்தத் தொகுப்பு' என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். 620.112 பொது அடுக்கிலும் இருக்கும், குறிப்புதவிப் பகுதியிலும் இருக்கும், பெரிய அளவுப் புத்தகம் என்று தனியாக வைத்ததிலும் இருக்கும். எண் ஒன்று, இடம் மூன்று. கோஹாவில் ஒவ்வொரு பிரதிக்கும் அடுக்கு இடம் என்றும் தொகுப்புக் குறி என்றும் தனிப் புலங்கள் உண்டு. அவை ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று இன்றைக்கே ஓர் அறிக்கை எடுத்துப் பாருங்கள், அதிர்ச்சியடையத் தயாராக இருங்கள்.

வரைபடம்: இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைந்து எஸ்விஜி (ஒவ்வொரு வடிவத்துக்கும் தனிப் பெயர் கொடுக்க முடிகிற படக் கோப்பு) ஆகச் சேமித்தோம். ஒவ்வொரு பேயும் ஒரு சதுரம், ஒவ்வொன்றுக்கும் அட்டவணையில் இருக்கிற அதே பே எண்ணை அடையாளப் பெயராகக் கொடுத்தோம். அளவுகோலுக்குச் சரியாக வரைய வேண்டும் என்று கட்டட வரைபடத்தைத் தேடி அலையாதீர்கள். ரேக்கைக் கொஞ்சம் பெரிதாக, காலி இடத்தைச் சுருக்கி வரையலாம், ஆனால் படிக்கட்டு, லிஃப்ட், கவுன்டர், தூண், ஜன்னல் எல்லாம் இருக்க வேண்டும். ஆள் அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்.

கோஹாவில் பொத்தான் வைக்க முடியும். ஓபேக்-யூசர்-ஜேஎஸ் என்று நிர்வாகப் பகுதியில் ஓர் அமைப்பு இருக்கிறது, அதில் எழுதுகிற ஜாவாஸ்கிரிப்ட் ஓபேக் பக்கத்தோடு சேர்ந்து ஓடும். அது பிரதிப் பட்டியலில் இருந்து அழைப்பு எண்ணை எடுக்கும், அட்டவணையில் தேடும், எஸ்விஜியில் அந்தச் சதுரத்துக்கு நிறம் ஏற்றும். அந்தப் பகுதியை இங்கே இருக்கிற நிரலர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

மூணிலக்கம்:

கூப்பிட்டதற்கு வந்தேன். நிரல் பெரிதல்ல, நூறு வரிக்குள் முடியும். கடிக்கிற இடம் வரிசைப்படுத்தல்.

டூயியில் ஒரு நல்ல குணம், புள்ளிக்கு முன்னால் எப்போதும் மூன்று இலக்கம். அதனால் அந்த எண்ணை எண்ணாக மாற்றாமல் வெறும் எழுத்துக்கோவையாகவே ஒப்பிட்டாலும் சரியாக வரும்: 620.11 முதலில், 620.2 பிறகு. மனிதர்கள்தான் பதினொன்று இரண்டைவிடப் பெரிது என்று மாற்றி அடுக்குவார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வகைப்பாட்டு முறை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொகுசு இல்லை. அங்கே க்யூஏ9 முன்னால், க்யூஏ76 பின்னால், அதாவது எழுத்துக்குப் பின் வருவது முழு எண். ஆனால் அதற்குப் பிறகு வருகிற ஆசிரியர் குறி தசமம், டி26 முன்னால், டி3 பின்னால். ஒரே லேபிளில் இரண்டு சட்டம். கோஹாவே ஒவ்வொரு பிரதிக்கும் சிஎன்-சார்ட் என்ற புலத்தில், வரிசைப்படுத்துவதற்கேற்ற வடிவத்தை உள்ளே எழுதி வைத்துக்கொள்கிறது, முறை டூயியா காங்கிரஸா என்று சரியாகக் குறித்திருந்தால். புதிதாக எழுதுவதற்கு முன் அதைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள்.

எக்செல்லில் அட்டவணை வைக்கப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. 005.133 என்று அடித்தால் எக்செல் அதை 5.133 ஆக்கிவிடும், 510.10 ஐ 510.1 ஆக்கிவிடும், கேட்காமலே. 005 இல் இருக்கிற கணினிப் புத்தகம் எல்லாம் வரைபடத்தில் காணாமல் போய்விட்டது என்று ஒருவர் என்னிடம் அழாத குறையாக வந்தார், காரணம் இதுதான். அந்தப் பத்தியை எண் அடிப்பதற்கு முன்பே டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள், சிஎஸ்வி (வெறும் எழுத்தாகச் சேமித்த அட்டவணை) கோப்பைத் திறக்கும்போதும் அதே கவனம்.

தமிழ் நூல்கள் இருக்கிற எவருக்கும் இன்னொரு கண்ணி. 894.811 என்பது தமிழ் இலக்கியம், நாவல் சிறுகதை எல்லாம் 894.8113 இல் குவியும். ஒரே எண்ணில் பத்துப் பதினைந்து பே போகும். அங்கே வரிசையைத் தீர்மானிப்பது எண் அல்ல, கீழே எழுதுகிற ஆசிரியர் பெயரின் எழுத்துகள். நம் அகராதி வரிசை ய ர ல வ ழ ள ற ன. யூனிகோடில் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கிற எண்ணின் வரிசை வேறு: ந வுக்கு அடுத்தே ன வந்துவிடும், ர வுக்கு அடுத்து ற, ல வுக்கு அடுத்து ள, ழ, கடைசியில் வ. புள்ளி வைத்த எழுத்தும் அப்படித்தான், அகராதியில் க் முன்னால், க பின்னால், யூனிகோடு எண்படி பார்த்தால் க வரிசை முழுக்க முடிந்த பிறகுதான் க் வரும். ரேக்கில் அடுக்குகிறவர் அகராதிப்படி அடுக்கியிருப்பார், நிரல் எண்படி தேடும், இரண்டு பே தள்ளி ஒளிரும். பிரவுசரிலேயே மொழிவாரி வரிசைக்கு இன்டல்-கொலேட்டர் என்று ஒரு வசதி இருக்கிறது, மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் அகராதிப்படி ஒப்பிடும். சாதாரண 'சிறியது பெரியது' குறியை அந்த இடத்தில் போடாதீர்கள்.

கவுன்டர்_பக்கம்:

அடேயப்பா, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. அட்டவணையில் தொடக்கம் மட்டும் என்பது எனக்குத் தோன்றவே தோன்றாத விஷயம். நேற்றே ஓர் அறிக்கை எடுத்தேன், அடுக்கு இடம் என்ற புலம் பெரும்பாலான பழைய பதிவுகளில் காலி. அதிர்ச்சியடையத் தயாராக இருந்தும் அதிர்ச்சியடைந்தேன்.

இன்னொன்று. புத்தகம் தப்பான இடத்தில் சொருகப்பட்டிருந்தால் வரைபடம் பொய் சொல்லும் அல்லவா? எங்கள் புத்தகங்களில் ஆர்எஃப்ஐடி லேபிள், அதாவது ரேடியோ அலையில் படிக்கிற லேபிள், ஒட்டியிருக்கிறோம், அதை வைத்து நிஜ இடத்தையே காட்ட முடியாதா?

பேட்டரி_மாற்றுபவர்:

நூலகத்தில் ஒட்டுகிற லேபிள் பெரும்பாலும் 13.56 மெகாஹெர்ட்ஸ் வகை. அதைப் படிக்கிற கருவி (படிப்பான்) கிட்டத்தில் வந்தால்தான் பேசும், தூரத்திலிருந்து 'நான் இங்கே இருக்கிறேன்' என்று கத்தாது. தட்டுக்குத் தட்டு ஆன்டெனா பதித்த ரேக் உண்டு, அதை 330 பேக்கும் போடுகிற நூலகத்தை நான் பார்த்ததில்லை. உங்களிடம் கையில் பிடிக்கிற படிப்பான் இருந்தால் வாரம் ஒரு தளம் என்று தட்டோரமாக ஓட்டிக்கொண்டு போங்கள், வரிசை மாறியதைக் காட்டிக்கொடுக்கும். அது இல்லாவிட்டாலும் கோஹாவின் இருப்புச் சரிபார்ப்புக் கருவியில், ஸ்கேன் செய்த பார்கோடு பட்டியலில் வரிசை தப்பியவை எவை என்று கேட்கிற வசதி இருக்கிறது. வரைபடம் காட்டுவது புத்தகம் இருக்க வேண்டிய இடத்தை. அதை வரைபடத்தின் கீழே ஒரு வரியாகவே எழுதிவிடுங்கள், 'இங்கே இல்லையென்றால் கவுன்டரில் சொல்லுங்கள்' என்று ஒரு பொத்தானும் வையுங்கள். அந்தப் பொத்தானை அழுத்துகிறவர்கள் உங்களுக்கு இலவசமாக இருப்புச் சரிபார்ப்புச் செய்து கொடுக்கிறார்கள்.

அரைக்கண்:

நூலக ஊழியர் அல்ல, வாசகன். பார்வை பாதிதான் தெரியும், போனில் திரைவாசிப்பான் வைத்திருக்கிறேன். மேலே எல்லோரும் சதுரத்துக்கு நிறம் ஏற்றுகிறீர்கள், எனக்கு அந்தச் சதுரம் 'படம்' என்று ஒரே ஒரு வார்த்தையாகத்தான் கேட்கும்.

அட்டவணையில் இன்னொரு பத்தி சேருங்கள், வாயால் சொல்கிற வழி. 'இரண்டாம் தளம். லிஃப்டிலிருந்து வெளியே வந்து வலப்பக்கம். ஏழாவது ரேக். ஜன்னல் பக்க முகம். உள்ளே நான்காவது பே.' இதைப் படத்துக்கு மேலே சாதாரண எழுத்தாகப் போட்டால் போதும், எனக்காக என்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். கண் நன்றாகத் தெரிகிற என் நண்பன்கூட இதைத்தான் படித்துவிட்டு நடப்பான் என்று பந்தயம் கட்டுகிறேன், போனைப் பையில் போட்டுக்கொண்டு போகலாமே.

படிக்கட்டிலிருந்து மட்டும் வழி சொல்லாதீர்கள், சக்கர நாற்காலியில் வருகிறவருக்குப் படிக்கட்டு என்ன வழிகாட்டும்? லிஃப்டிலிருந்தும் சொல்லுங்கள். நிறத்தில் சிவப்பையும் பச்சையையும் மட்டும் நம்பாதீர்கள், அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் நிறையப் பேர், தடித்த கோடு, அம்புக்குறி என்று வேறு ஏதாவதும் சேருங்கள். பேயின் சட்டத்தில் ஒட்டுகிற எண் பெரிதாக இருக்கட்டும், கை எட்டுகிற உயரத்தில், பளபளக்காத தாளில். லேமினேட் செய்த எண் விளக்கு வெளிச்சத்தில் எனக்கு வெறும் வெள்ளைப் பட்டை.

பழைய_கைடு_அட்டை:

நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. ஓய்வு பெற்ற நூலகன், ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரைபடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931 இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார், நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இது அந்த விதிக்குள் வருகிற வேலைதான். ஆனால் நான் பார்த்த வரைக்கும், ரேக் முனையில் ஒட்டியிருக்கிற வழிகாட்டி அட்டை பத்து வருடம் முன்னால் எழுதினதாக இருக்கும், அதில் 500–549 என்று இருக்கும், ரேக்கில் 560 ஓ 570 ஓ ஏதோ இருக்கும். திரை ஒன்று சொல்கிறது, அட்டை வேறொன்று சொல்கிறது என்றால் வாசகர் இரண்டையும் நம்ப மாட்டார், நேரே கவுன்டருக்குத்தான் வருவார். முதலில் அட்டையைச் சரிசெய்யுங்கள், பிறகு போனுக்குப் போங்கள்.

இன்னொன்று, வாசலில் பெரிய திரை வைக்கப் போகிறீர்கள் என்றால் வரைபடத்தை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறீர்கள் என்று கவனியுங்கள். வடக்கு மேலே என்று வைக்காதீர்கள். திரை முன்னால் நிற்கிறவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறாரோ அது மேலே இருக்க வேண்டும். 'நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்' வகை வரைபடங்களைப் பற்றி மார்வின் லெவின் என்ற உளவியலாளர் 1980களிலேயே எழுதியிருக்கிறார், திருப்பி வைத்த வரைபடத்தைப் பார்த்தால் ஆள் எதிர்ப்பக்கமாகவே நடந்துவிடுவார் என்பதுதான் சாரம். ஒரே படத்தை எல்லாத் திரையிலும் போட்டால் எதிர்ச்சுவரில் இருக்கிற திரை தப்பாகத்தான் வழி காட்டும்.

இங்க்ஸ்கேப்_கை:

@பழைய_கைடு_அட்டை ஐயா, இதில் சண்டையே இல்லை. அட்டையையும் அதே அட்டவணையிலிருந்தே அச்சிடலாம். ஒரு ரேக் முகத்தின் முதல் பேயின் தொடக்கமும் அடுத்த முகத்தின் தொடக்கமும் கையில் இருக்கிறது, அதிலிருந்து அட்டை தானாக வரும். வரிசையை நகர்த்திய அன்று ஸ்கேன், உடனே இரண்டு அட்டை அச்சு, ஒட்டு. திரையும் அட்டையும் முரண்படவே வழியில்லை. இதைச் செய்யாமல் விட்டது எங்கள் இரண்டாவது பெரிய தப்பு, நீங்கள் சொன்ன அதே கதைதான் எங்களுக்கும் நடந்தது.

@அரைக்கண், வழிச்சொல் பத்தி நாளைக்கே சேர்க்கிறேன். பந்தயம் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள் போல.

கவுன்டர்_பக்கம்:

ஆறு வாரம் கழித்து வருகிறேன், பாதியில் ஓடிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள்.

இரண்டாம் தளம் மட்டும் செய்திருக்கிறோம், 112 பே. மேலிடத்திடம் 'முதலில் ஒரு தளம், செலவில்லாமல், பிடிக்கவில்லை என்றால் நிறுவனத்திடம் போகலாம்' என்று சொல்லி வாங்கினேன். ஸ்கேன் செய்ய ஒரு மதியம். வரைபடம் வரைய மூன்று நாள், எனக்கு இங்க்ஸ்கேப் புதிது. மிச்சமெல்லாம் காலியாகக் கிடந்த அடுக்கு இடத்தை நிரப்பியதுதான், அது இன்னும் முடியவில்லை.

ஸ்கேன் செய்தபோதுதான் ஒன்று தெரிந்தது. எங்கள் ரேக்குகளில் பாதி, ஒரு முகம் முடிந்ததும் அதே ரேக்கின் பின்பக்கம் சுற்றிப் போகின்றன. மீதிப் பாதி, முகம் முடிந்ததும் வழியைத் தாண்டி எதிர் ரேக்குக்குத் தாவுகின்றன. இரண்டு காலத்தில் இரண்டு பேர் அடுக்கியது. இத்தனை வருடம் நாங்கள் யாரும் கவனிக்கவில்லை, கை பழகிவிட்டது. வாசகர்கள் ஏன் சரியாக அந்த ரேக்குகளிலேயே தொலைந்தார்கள் என்று இப்போது புரிகிறது. இரண்டு நாள் கதவைச் சாத்தி, எல்லாவற்றையும் சுற்றிப் போகிற மாதிரியே மாற்றிவிட்டோம்.

சோதனைக்கு, இதுவரை அந்தத் தளத்துக்கு வராத எட்டுப் பேரிடம் ஆளுக்கொரு தலைப்பு எழுதிக் கொடுத்து, வாயைத் திறக்காமல் பின்னாலேயே நடந்தேன். வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம். ஆறு பேர் நேராகப் பேக்குப் போய்விட்டார்கள். ஒருவர் சரியான ரேக், தப்பான முகம், ஜன்னல் பக்கம் என்று எழுதியிருந்தும், ஏனென்றால் அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டிருந்தது. அதைத் 'தூண் பக்கம்' என்று மாற்றினேன். எட்டாமவர் சரியான பேக்கு முன்னால் நின்றுகொண்டே புத்தகம் இல்லை என்றார், நிஜமாகவே இல்லை, திரும்பி வந்த புத்தகங்கள் வைக்கிற தள்ளுவண்டியில் கிடந்தது. ஓபேக் 'இருப்பில்' என்றுதான் சொல்கிறது. அரைக்கண் சொன்னது சரி, நான்கு பேர் படத்தைத் திறக்கவே இல்லை, வழிச்சொல்லைப் படித்துவிட்டு நடந்தார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம் மட்டும். அந்தத் தள்ளுவண்டியை என்ன செய்வது? புத்தகத்தைத் திரும்பப் பெற்றதிலிருந்து அடுக்குகிற வரைக்கும் சில சமயம் ஒரு நாள் ஆகிவிடுகிறது.

மூணிலக்கம்:

கோஹாவில் திரும்ப வந்த புத்தகத்தைச் சில மணி நேரத்துக்கு 'தள்ளுவண்டி' என்ற இடத்தில் வைத்துவிட்டு, பிறகு தானாக நிரந்தர இடத்துக்கு மாற்றுகிற ஏற்பாடு இருக்கிறது, திரும்பப் பெறும்போது தள்ளுவண்டி இடத்தைப் போடுகிற ஓர் அமைப்பும், குறித்த இடைவெளியில் தானாக ஓடுகிற ஒரு நிரலும். அதை இயக்கிவிட்டு, அட்டவணையில் தள்ளுவண்டிக்கும் ஒரு வரி போடுங்கள், பே எண் 113. வரைபடத்தில் கவுன்டர் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம்.

கவுன்டர்_பக்கம்:

113 போட்டாயிற்று. வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது என்பதால் தரையில் நாடா ஒட்டி அதன் இடத்தையும் கட்டமிட்டுவிட்டேன்.